காத்துல ஒரு கியர்

— இன்னும் எவ்ளோ நேரம் இப்படி வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கறதா உத்தேசம்?

— இருங்க. இப்பதானே வந்தோம்.

— வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. எதிர் வரிசைல நிக்கற அந்தப் பெரிய வண்டிய நீ பார்க்கற பார்வைல அதுக்கே கூச்சம் வந்துடும்போல.

— நான் வண்டிய பார்க்கல. அவரைப் பார்க்கறேன்.

— தெரியுது. கட்டினவனை ஒரு நாள் இப்படிப் பார்த்திருப்பியா நீ?

— கொஞ்சம் சும்மா இருங்களேன்... அந்தக் காதைப் பாருங்க. அப்படியே எங்கப்பா காது.

— எனக்கு இங்கருந்து தொப்பிதான் தெரியுது. ஆளு மாறிப் போயிடப் போகுது, பார்த்துக்க.

— மாறாது. அப்பாவோட மூத்த பையன். முதல் வீட்டுப் பையன்.

— அப்போ உனக்கு அண்ணன். அப்படிச் சொல்லேன், ஏன் சுத்தி வளைக்கறே?

— எந்த உரிமைல சொல்ல? அப்பா போன அன்னிக்கு நானும் அம்மாவும் இதே வண்டில அவங்க தெருமுனை வரைக்கும் போனோம். எங்களைப் பார்த்ததும்...

— கேட்டைச் சாத்திட்டாங்க. உங்கம்மா முந்தானையால முகத்தை மூடிக்கிட்டு, வண்டிய திருப்புன்னாங்க. இருபத்து நாலு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்.

— இன்னும் இருபத்து நாலு வருஷம் சொல்வேன்.

— சொல்லு, நான் எங்க போகப் போறேன். ஆனா இன்னிக்குக் காலைல என் தூக்கத்தைக் கெடுத்து, பொய் சொல்லி வேலைக்கு லீவு போட வச்சு, இந்தப் பழைய வண்டிக் கண்காட்சிக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தே? அதைச் சொல்லு.

— பழைய வண்டிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த வண்டிப் படம் வந்துது. கண்ணாடில ஒட்டியிருக்கற பேப்பரைப் பார்த்தீங்கல்ல? 'விற்பனைக்கு'. யார்கிட்டயோ போயிடும். அதுக்கப்புறம் அது எந்த ஊர்ல நிக்குதோ, யாருக்குத் தெரியும்.

— போகட்டுமே.

— ஒரு தடவை அதுல உக்காரணுங்க. ஒரே ஒரு தடவை. அப்பா பர்ஸ்ல அந்த வண்டி போட்டோ இருக்கும். 'வீட்டுல ஒரு பெரிய வண்டி இருக்கு கண்ணு'ம்பார். நம்ம வீட்டுல இல்லியேப்பான்னு கேப்பேன். முழிப்பார். அதுல என்னைக் கூட்டிட்டுப் போப்பான்னா, அடுத்த வாரம்பார். எத்தனை அடுத்த வாரம் போச்சு தெரியுமா?

— சரி. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாம இறங்கிப் போய், யாருன்னு சொல்லிட்டுக் கேளு.

— சொன்னா ஏத்தவே மாட்டார். கேட்டுக்குப் பதிலா கதவைச் சாத்துவார். வண்டி வாங்க வந்தவ மாதிரிப் பேசிக்கறேன்.

— நீயா? உனக்குப் பொய் வராதேம்மா. வாயத் திறக்கறதுக்குள்ள காது சிவந்துடும்.

— முடியால மறைச்சுக்கறேன். நீங்க பின்னாடியே வந்துடாதீங்க. சிரிச்சே காட்டிக் கொடுத்துடுவீங்க.

— நான் வரல சாமி. போ. போயேன்.

*

— சார்... வண்டி உங்களோடதா?

— இல்ல, யாரோ மறந்து விட்டுட்டுப் போனது, காவலுக்கு நிக்கறேன். ...சும்மா சொன்னேன்மா. என்னோடதுதான். கிட்ட வா, கடிக்காது.

— வண்டியா, நீங்களா?

— ரெண்டும்தான். ரெண்டு பேருக்கும் பல்லு விழுந்தாச்சு. அந்தச் சின்ன வண்டி உன்னோடதுதானே? காலைல வந்து நிறுத்தினதைப் பார்த்தேன்.

— ஆமா சார். எண்பத்தஞ்சு மாடல்.

— அதையெல்லாம் பழைய வண்டின்னு யார் உள்ள விட்டாங்க? நேத்துப் பொறந்தது.

— முப்பத்தெட்டு வயசு ஆவுது சார் அதுக்கு.

— இது ஐம்பத்தாறு மாடல். இது ரோட்டுல வந்தா ஜனங்க ஒதுங்கி நின்னு பார்ப்பாங்க. உன்னோடது... தப்பா எடுத்துக்காதே... தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கு.

— தீப்பெட்டிதான் சார். ஒரு உரசல்ல பத்திக்கும். உங்களுது காலைல கிளம்பணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும்னு கேள்விப்பட்டேன்.

— யார் சொன்னது அப்படி?

— பொதுவா... பெரிய வண்டிங்க அப்படித்தானே?

— ம். இந்தக் கதவைச் சாத்திப் பாரு. இல்ல, அடிக்காதே, கைய வச்சுத் தள்ளு, அதுவே போய்ச் சேரும். கேட்டியா அந்தச் சத்தத்தை? 'பொம்'முனு. உன் வண்டிக் கதவு என்ன சொல்லும்?

— பிஸ்கட் டப்பா மூடின மாதிரி சொல்லும். அதுக்கென்ன இப்ப? எங்க வண்டி ஒரு லிட்டருக்குப் போற தூரத்துக்கு இது பாதி டேங்க் குடிக்கும்.

— அது குடிக்கும். நான் மறுக்கல.

— மேட்டுல நாலு பேர் இறங்கித் தள்ளணும்.

— ரெண்டு பேர் போதும். நானும் என் தம்பியும் தள்ளியிருக்கோம். நல்லாத்தான் பேசற நீ. வாங்க வந்தியா, வம்புக்கு வந்தியா?

— வாங்கத்தான் சார். பார்த்துட்டு... வீட்டுல கலந்து பேசி...

— சீக்கிரம் பேசு. நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார்.

— இன்னிக்கேவா?

— இன்னிக்கேதான். ஏன், முகம் சுருங்கிப் போச்சு?

— ஒண்ணும் இல்ல... உள்ள எட்டிப் பார்க்கலாமா?

— பாரு. முன்னாடி ஒரே நீள சீட்டு. பெஞ்சு மாதிரி. மூணு பேர் தாராளமா உக்காரலாம். நடுவுல எந்தத் தடங்கலும் இல்ல. உன்னோடதுல ஆளுக்கொரு குட்டி நாற்காலி, நடுவுல கியர், கைபிரேக், அது இதுன்னு ஒரு வேலியே இருக்கும்.

— ஆமா. எங்கப்பா அந்தக் கைபிரேக் மேலதான் வேர்க்கடலைப் பொட்டலத்தைச் சொருகி வைப்பார். ஆளுக்கொரு பக்கமா எடுத்துத் தின்னுக்கிட்டே போவோம்.

— வண்டிக்குள்ளயா? தோல் விழுமே.

— விழும். விழட்டுமே.

— உங்கப்பாதான் வாங்கினதா அந்த வண்டி?

— ஆமா சார். எனக்கு எட்டு வயசு அப்ப.

— எப்படி ஓட்டுவார்?

— பாடிக்கிட்டே ஓட்டுவார். ராகம் ஒரு பக்கம் போகும், வண்டி ஒரு பக்கம் போகும். எல்லாப் பாட்டுலயும் நாலு வரிதான் தெரியும். அஞ்சாவது வரிக்கு என் பேரைப் போட்டுப் பாடுவார்.

— பாடுவாரா...

— ஏன் சார், அதுல என்ன அதிசயம்?

— இல்லம்மா. எங்கப்பா இந்த வண்டில ஏறினா வாயே திறக்கமாட்டார். பின் சீட்டுல நாங்க மூணு பிள்ளைங்க. கை மடில இருக்கணும். கண்ணாடியத் தொடக் கூடாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இல்லையா, கண்ணாடில ஒரு விரல் ரேகை தெரிஞ்சாப் போதும், வண்டிய ஓரம் கட்டி, பைலருந்து அந்த மஞ்சத் துணிய எடுத்துத் துடைப்பார். துடைச்சுட்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

— எங்கப்பாவா... எங்க வண்டில நான் கண்ணாடில மூச்சை ஊதிப் படம் வரைவேன் சார். சிக்னல்ல நிக்கறப்ப அவரும் வரைவார். அவருக்கு ஒரே ஒரு படம்தான் வரும். மீசை வச்ச பூனை.

— பூனை.

— ஆமா.

— கண்ணாடில.

— சார், ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— கொடுத்து வச்சவம்மா நீ. எனக்கு அறுபத்தெட்டு வயசு ஆச்சு. ஒரு பூனைக்காக இந்த வயசுல பொறாமைப்படுவேன்னு நான் நினைச்சதில்ல.

— அப்படி இல்ல சார். உங்களுக்கு ஏழு நாளும் அப்பா கூடவே இருந்திருப்பார். எங்கப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையப் பூட்டினா பஸ் ஏறிடுவார். திங்கக்கிழமைதான் வருவார். சனி, ஞாயிறு தெருவுல எல்லாப் பசங்களும் அவங்கவங்க அப்பாவோட எங்கயாவது போகும். நான் நின்ன வண்டிக்குள்ள ஏறி உக்காந்து ஸ்டீயரிங்கை மோந்து பார்ப்பேன். அவர் கை வாசனை இருக்கும்.

— ஏழு நாளும் இருந்தார், நான் சின்னப் பையனா இருந்தப்ப. அப்ப பேசல. நான் வளர்ந்து, அப்பாவும் பிள்ளையுமா உக்காந்து பேசற வயசுல அவர் வெளியூர்ல இன்னொரு கடை போட்டுட்டார். அப்புறம் சனி, ஞாயிறுதான். திங்கக்கிழமை நாங்க எழுந்திரிக்கும்போது படுக்கை மடிச்சு வச்சிருக்கும். உங்கப்பாவுக்கு என்ன கடைன்னு சொன்னே?

— நான் சொல்லவே இல்லியே.

— அதான் கேக்கறேன்.

— பாத்திரக் கடை.

— நல்ல தொழில். பூனை வரைய நேரம் கிடைக்கற தொழில்.

— ஆமா சார்.

— உனக்கு ஏன் காது இப்படிச் சிவந்து கிடக்கு?

— வெயில் சார். எனக்கு வெயில் ஒத்துக்காது.

— ஓஹோ. இப்படி நிழலுக்கு வா. ...காலைல நீ வண்டிய ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினியே, அப்ப ஒண்ணு கவனிச்சேன். கேக்கலாமா?

— கேளுங்க.

— கிளட்சை மிதிச்சுட்டு, இடது கைய மேல தூக்கி, ஸ்டீயரிங் பக்கத்துல காத்துல எதையோ பிடிக்கப் போனே. அப்புறம்தான் கை கீழ இறங்கிக் கியரைப் பிடிச்சுது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

— ஐயோ, அதைப் பார்த்துட்டீங்களா?

— இந்த மாதிரி வண்டி ஓட்டியிருக்கியா நீ? இதுல கியர் கீழ கிடையாது. ஸ்டீயரிங் கழுத்துலயே ஒட்டிக்கிட்டிருக்கும். இதுல பழகின கைதான் அப்படிப் போகும்.

— சத்தியமா இல்ல சார். இந்த வண்டிய இன்னிக்குத்தான் இவ்ளோ கிட்டப் பார்க்கறேன். எங்கப்பா அப்படித்தான் ஓட்டுவார். அவர்தான் எனக்குக் கத்துக்குடுத்தார். கிளட்சை மிதி, கைய மேல தூக்கு, கீழ கொண்டா, கியர் போடு. அதுவும் ஒரு படிபோலன்னு நானும் அப்படியே பழகிட்டேன். லைசென்ஸ் எடுக்கப் போனப்ப பக்கத்துல உக்காந்திருந்த அதிகாரி, 'ஏம்மா, வண்டில கொசு ஜாஸ்தியா'ன்னார். என்ன சார், சிரிப்பு வரலியா? இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க.

— வருது, வருது. அப்பாகிட்டக் கேட்டியா?

— வீட்டுக்கு வந்ததும் அதான் முதல் சண்டை. அவருக்கே அன்னிக்குத்தான் தெரியும், தான் அப்படிப் பண்றோம்னு. கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சார். அப்புறம், 'அது பழைய கை கண்ணு'ன்னார். அவ்ளோதான்.

— பழைய கை.

— திங்கக்கிழமைல ரொம்ப ஜாஸ்தியா இருக்கும் சார். ஒவ்வொரு கியருக்கும் காத்தைப் பிடிப்பார். புதன்கிழமைக்கெல்லாம் சரியாப் போயிடும். அம்மா கிண்டல் பண்ணுவாங்க, வாரா வாரம் வர்ற காய்ச்சல்னு.

— திங்கக்கிழமையா?

— ஆமா.

— சரிதான்... சரிதான்.

— என்ன சரிதான்?

— ஒண்ணும் இல்ல. எங்கப்பாவுக்கும் ஒரு காய்ச்சல் உண்டு. சனிக்கிழமைக் காய்ச்சல்.

— அது என்ன?

— எங்கம்மா கைய அவர் பிடிச்சு நாங்க யாரும் பார்த்ததில்லம்மா. முப்பது வருஷக் குடித்தனம். 'தண்ணி கொண்டா', 'விளக்கை அணை', அவ்ளோதான் பேச்சு. அம்மாவும் அதுக்கு மேல எதிர்பார்க்கல. திடீர்னு ஒரு சனிக்கிழமை... அம்மா இங்க, முன் சீட்டுல. நான் பின்னாடி, மடில என் பையன். ஓட்டிக்கிட்டே இருந்தவர், இடது கைய இறக்கி அம்மா முழங்கால் மேல வச்சார்.

— முழங்கால் மேலயா?

— ஆமா. ஒரு நொடிதான். வச்சவரே ஷாக் அடிச்ச மாதிரி கைய எடுத்து, மேல கொண்டு போய்க் கியர் போட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ஆனா எனக்குக் கண்ணாடில அவங்க முகம் தெரிஞ்சுது. அப்படி ஒரு முகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல.

— அப்புறம்?

— அப்புறம் அடுத்த கியர். மறுபடியும் முழங்கால்.

— ...எந்த வருஷம் சார் இது?

— எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும். ஏன்?

— சும்மாத்தான் கேட்டேன்.

— அதுலருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும். ஞாயித்துக்கிழமை ஆனா அந்தப் பாசம் தேஞ்சு போயிடும். அதனால அம்மா சனிக்கிழமை காலைலயே நல்லதா உடுத்திக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. எங்கயாவது போயிட்டு வரலாமாம்பாங்க. கடுகு வாங்கணும்னாக்கூட வண்டி. பதினாலு வருஷம்மா. அவர் சாகற வரைக்கும். அக்கம்பக்கத்துல, சொந்தத்துல, என் பொண்டாட்டிகிட்டன்னு அம்மா சொல்லாத ஆளில்ல. 'வயசான காலத்துல அவருக்கு என் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது'ன்னு.

— நல்ல மனுஷன் சார் உங்கப்பா.

— பாசத்துலதானே வச்சிருப்பார்?

— பின்ன? வேற எதுக்கு வைக்கப் போறார்.

— காது மறுபடியும் சிவக்குது உனக்கு.

— சொன்னேனே சார்... வெயில்.

— நிழலுக்கு வந்து எவ்ளோ நேரம் ஆச்சு.

— சார், நான் ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, போயிடறேன். நான் வண்டி வாங்கப் போறதில்ல. என்கிட்ட அதுக்கு வசதியும் இல்ல, இடமும் இல்ல. ஆனா ஒரு தடவை இதுல உக்காந்துக்கட்டுமா? ஒரு நிமிஷம். பின் சீட்டு போதும். கைய மடிலயே வச்சுக்கறேன். கண்ணாடியத் தொடமாட்டேன்.

— பின் சீட்டு எதுக்கு? இப்படிச் சுத்தி வா.

— இது ஓட்டற பக்கம்.

— ஓட்டற பக்கம்தான். ஏறு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். தலை, தலை... குனிஞ்சு ஏறு.

— சார், எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது. எங்கயாவது இடிச்சுட்டா...

— இடி. எழுபது வருஷத் தகரம், உன் தீப்பெட்டி மாதிரி நசுங்காது. சாவி அங்கயே இருக்கு. திருப்பு. ம், எழுந்துடுச்சு பார்த்தியா, முந்தின நாள் சொல்லாமலே. கிளட்சை மிதி. நல்லா, அடி வரைக்கும். இப்ப கியர் போடு.

— எப்படிப் போடணும்? சொல்லிக் குடுங்க.

— நான் சொல்ல வேண்டாம். யோசிக்காம போடு. தினமும் எப்படிப் போடுவியோ அப்படி.

— இருக்கு.

— ம்.

— இங்க இருக்கு சார். கை போன இடத்துலயே இருக்கு...

— இருக்கும். எங்க போகும்?

— இத்தனை வருஷமா வெறும் காத்தையே பிடிச்சுக்கிட்டிருந்தேன்...

— தெரியும். அழு, ஆனா கிளட்சை மட்டும் விட்டுடாதே. மெதுவா... மெதுவா விடு. ஆங். போகுது பாரு. மைதானத்தை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். அங்க எதுக்க நின்னு ரெண்டு கையும் ஆட்டறாரே, அது யாரு?

— என் வீட்டுக்காரர்.

— நல்ல மனுஷனாத் தெரியறார். காலைலருந்து ரெண்டு பேரும் என்னைப் பார்த்து முணுமுணுத்துக்கிட்டே இருந்தீங்க.

— சார், உங்ககிட்ட நான் ஒரு பொய் சொல்லிட்டேன்.

— ஒண்ணுதானா? நான் நாலு எண்ணினேன். பாத்திரக் கடைய விட்டுட்டியா?

— ...உங்களுக்குத் தெரியுமா?

— அந்த வண்டி நம்பர் எனக்கு மனப்பாடம்மா. அப்பா போன அன்னிக்கு எங்க தெருமுனைல வந்து நின்ன வண்டி. நீதான் ஓட்டிட்டு வந்தே. பக்கத்துல உங்கம்மா.

— அப்போ... காலைலயே தெரியுமா, நான் வந்து நிறுத்தினப்பவே?

— தெரியும். கேட்டைச் சாத்தச் சொன்னவனும் நான்தான்.

— நீங்களா?

— நான்தான். பார்த்து ஓட்டு, கல் இருக்கு. அம்மா உள்ள அப்பா தலைமாட்டுல உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னு நம்பிட்டிருந்தேன். அவங்க கைல மிச்சம் இருந்தது அந்தச் சனிக்கிழமை ஒண்ணுதான். உங்களை உள்ள விட்டா அதையும் பிடுங்கின மாதிரி ஆயிடுமேன்னு... சாத்துன்னு சொல்லிட்டேன். உங்கம்மா முகத்தை மூடிக்கிட்டாங்க. நீ வண்டிய திருப்பறப்ப ஒரு தடவை என்னைப் பார்த்தே. அந்தப் பார்வை என்னை இன்னும் விடல.

— கடைசியா ஒரு தடவை அவர் முகத்தைப் பார்க்கவிடலியே நீங்க. எனக்கு இன்னும் கோவம் போகல. இந்த வண்டில உக்காந்துட்டதால போயிடும்னு நினைக்காதீங்க.

— போக வேண்டாம். நீயே வச்சுக்க. எந்தச் சமயத்துல வேணா எடுத்து என்னைத் திட்டு. நான் கேட்டுக்கறேன்.

— எங்கம்மாவும் போயிட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு.

— தெரியும். வந்திருந்தேன். எதிர்ல டீக்கடைல நின்னு பார்த்துட்டு, உள்ள வர தைரியம் இல்லாம திரும்பிட்டேன். ...வளைவு வருது, ரெண்டாவது கியருக்கு வா. கை தானாப் போகுது பார்.

— நாலு மணிக்கு இதை வாங்க வர்றவர் பார்த்தா என்ன நினைப்பார்?

— யாரும் வரல.

— வர்றார்னு சொன்னீங்களே?

— நீ பாத்திரக் கடை சொன்னே, நான் இதைச் சொன்னேன். இதை விக்கற எண்ணமே எனக்கு இல்லம்மா. அந்தப் பேப்பரைப் பார்த்தா நீ வருவேன்னு ஒட்டினேன். வாட்ஸ்அப் குரூப்ல படம் போட்டது என் பேரன். மூணு மாசமா எங்க கண்காட்சின்னாலும் இதை எடுத்துட்டுப் போய், அந்தத் தீப்பெட்டி வருதான்னு வாசலையே பார்த்துட்டு நிக்கறேன். விலை கேட்டு வந்தவங்களையெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லி விரட்டியாச்சு.

— ஏன் இத்தனை வருஷம் கழிச்சு?

— அம்மா போன வருஷம் போயிட்டாங்க. அவங்க இருந்த வரைக்கும் எனக்கு வாய் வரல.

— அவங்களுக்குத் தெரியாமலே போயிடுச்சுல்ல... நல்லதுதான். அந்தச் சனிக்கிழமைங்க அவங்களுக்கு அப்படியே இருக்கட்டும், அண்ணா. நானும் வாயத் திறக்கமாட்டேன்.

— முழங்கால் கதை சொன்னப்பவே உனக்குப் புரிஞ்சுடுச்சு, இல்ல?

— திங்கக்கிழமை அவர் கை எங்க போகும்னு எனக்குத் தெரியுமே. சனிக்கிழமை எங்க போயிருக்கும்னு தெரியாதா?

— நானும் அப்படியே இருக்கட்டும்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரில கடைசி வாரம், அவங்க காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே, கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு நான்தான் ஆரம்பிச்சேன். 'சனிக்கிழமை ஆனா அப்பா இங்க கை வைப்பாரேம்மா'ன்னு. சிரிச்சாங்க. 'அவர் தேடினது கியரைடா'ன்னாங்க.

— தெரியுமா அவங்களுக்கு?

— முதல் மாசமே தெரியுமாம். ஒரு புதன்கிழமை யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்து, கடை வாசல்ல நின்ன சின்ன வண்டிக்குள்ள எட்டிப் பார்த்திருக்காங்க. கியர் கீழ, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுலயே திரும்பிட்டாங்க.

— அப்புறம் ஏன் ஊரெல்லாம் பாசம், பாசம்னு சொன்னாங்க? ஏன் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?

— நானும் அதையேதான் கேட்டேன். 'கேட்டா கைய எடுத்துடுவாரேடா'ன்னாங்க. 'அதான் அந்த வண்டில கியர் எங்க இருந்துதோ, அந்த இடமாப் பார்த்து நகர்ந்து உக்காந்துக்கிட்டேன்'னாங்க.